பயணம் முடிந்தபின் வரும் காய்ச்சல்

சந்தையில் நல்ல கறவை மாடாகப் பார்த்து வாங்குகிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, விலை பேசி முடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வந்த அன்று மாடு களைத்துக் கிடக்கிறது. மறுநாள் ஓரளவு தீனி எடுக்கிறது. ஐந்தாறு நாள் சென்றபின் திடீரெனத் தீனியை வெறுத்து ஒதுங்கி நிற்கிறது. மூக்கில் நீர் ஒழுகுகிறது, மூச்சு இரைக்கிறது, இருமலும் காய்ச்சலும் தொடர்கின்றன. சில மாடுகள் பிழைப்பதில்லை. கடன் வாங்கி மாடு வாங்கிய குடும்பத்துக்கு மாடு போய்க் கடன் மட்டும் நிற்கிறது.

‘புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார் ஒருவர். ‘கண் பட்டுவிட்டது’ என்பார் மற்றொருவர். ‘விற்றவன் நோய் மாட்டைத் தலையில் கட்டிவிட்டான்’ என்பார் மூன்றாமவர். இவற்றுள் எது உண்மை? பெரும்பாலான வேளைகளில் மூன்றும் உண்மையாய் இருப்பதில்லை. மாடு சந்தையில் நின்றபோது நலமாகவே இருந்திருக்கலாம். வந்து சேர்ந்த ஊரின் தண்ணீரிலும் குறை இல்லாமல் இருக்கலாம். இரண்டுக்கும் இடையில் நடந்த பயணத்தில்தான் காரணம் இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

கடற்கரை ஊருக்கு வரும் மாடு

காரைக்கால் வட்டாரம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதை அறிவீர்கள். அதன் கிழக்கே வங்கக் கடல். மற்ற மூன்று புறமும் தமிழ்நாடு. இவ்வட்டாரத்தின் தென்பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் ஊர் பட்டினச்சேரி. நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் எல்லையைக் கடந்தால் இப்பகுதிக்கு வந்துவிடலாம்.

காவிரி டெல்டாவின் சொந்த மாட்டினம் உம்பளச்சேரி. குட்டையான உடல், உறுதியான கால். சேற்று வயலில் உழுவதற்கு ஏற்ற இனம். ஆனால் பால் குறைவு. எனவே பாலுக்காகக் கலப்பின மாடு தேடுவோர் மேற்கே ஈரோடு கருங்கல்பாளையம், மணப்பாறை போன்ற சந்தைகளை நாடுவதுண்டு. ஈரோட்டிலிருந்து காரைக்கால் கடற்கரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். லாரி பல மணி நேரம் ஓடவேண்டும். சந்தைக்கு வரும் பயணம், சந்தையில் கட்டுத்தறியில் காத்து நிற்பது ஆகியவற்றையும் சேர்த்தால், மாடு ஒரு நாளுக்கு மேல் நிம்மதியாகப் படுக்காமலும் அசைபோடாமலும் இருந்திருக்கும்.

பட்டினச்சேரி போன்ற கடற்கரை ஊரில் பிறந்தவருக்கு ஒரு செய்தியை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மீன் வெளியூருக்குப் போகவேண்டுமானால் ஐஸ் வேண்டும். ஐஸ் குறைந்தாலும், வண்டி தாமதித்தாலும், சரக்கு கெட்டுவிடும். நட்டம் அன்றைக்கே கண்ணில் தெரிந்துவிடும். மாடு உயிருள்ள பிராணியாதலால் பயணத்தின் கேடு அன்றே தெரிவதில்லை. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வெளிப்படுகிறது. அதனாலேயே நாம் காரணத்தை வேறெங்கோ தேடுகிறோம்.

நுரையீரலின் காவல்

மூச்சில் உள்ளே போகும் காற்று தூய்மையானதன்று. தூசியும், வைக்கோல் துகளும், கணக்கற்ற நுண்ணுயிர்களும் அதில் கலந்திருக்கின்றன. அப்படியிருந்தும் நுரையீரல் கெடாமல் இருப்பதற்கு அங்குள்ள காவல் ஏற்பாடே காரணம்.

மூச்சுக்குழலின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத குறு இழைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றின்மேல் மெல்லிய கோழைப் படலம் படர்ந்திருக்கிறது. தூசியும் கிருமியும் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. குறு இழைகள் காற்றில் அசையும் நெற்பயிரைப்போல ஒரே திசையில் அசைந்து, அந்தப் படலத்தைத் தொண்டையை நோக்கி நகர்த்துகின்றன. தொண்டைக்கு வந்த கோழை விழுங்கப்படுகிறது. அல்லது இருமி வெளியேற்றப்படுகிறது. இதையும் தப்பி அடியில் உள்ள காற்றறைகளுக்குள் நுழையும் கிருமிகளை வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கின்றன.

இந்தக் காவல் ஆடு, மாடு, குதிரை, மனிதன் எல்லாருக்கும் உண்டு. ஆனால் மாட்டுக்குச் சில குறைகள் உள்ளன. அதன் உடலுக்குத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவோடு ஒப்பிட்டால் நுரையீரல் சிறியது. எனவே ஓய்வாக நிற்கும்போதே அது தன் நுரையீரலின் திறனில் பெரும் பங்கைப் பயன்படுத்திவிடுகிறது; கையிருப்பு குறைவு. மேலும், மாட்டின் நுரையீரல் தடுப்புச் சவ்வுகளால் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கூற்றுக்குப் போகும் நுண்குழல் அடைபட்டால் பக்கத்துக் கூற்றிலிருந்து காற்று எளிதில் வந்து சேராது. காற்றில்லாத அந்த மூலை கிருமிகள் வளர ஏற்ற இடமாகிவிடும். மற்ற பல விலங்குகளைத் தாக்கும் சளியைவிட மாட்டின் சளி கடுமையாவதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

லாரியில் என்ன நடக்கிறது?

இனி மாட்டை லாரியில் ஏற்றுவோம். வால் முறுக்கப்படுகிறது, தார்க்குச்சி குத்துகிறது, பழகாத மாடுகள் இருபுறமும் நெருக்குகின்றன, காலடியில் தரை ஆடுகிறது. மாட்டின் மூளை இதை ஆபத்து என்று கொள்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஓர் இயக்குநீரை இரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகத்தின் அருகிலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் சுரக்கிறது.

கார்ட்டிசால் பகையன்று. சேமித்த சத்தை எடுத்து, ஆபத்திலிருந்து தப்ப உடலுக்கு வலிமை தருவது அதுவே. ஆனால் பல மணி நேரம் தொடர்ந்து சுரந்தால் அது நோய் எதிர்ப்பைத் தளர்த்திவிடுகிறது. வெள்ளணுக்களில் ஒரு வகை, இரத்தக்குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு அதன் வழியே திசுவுக்குள் நுழையும். கார்ட்டிசால் மிகுந்தால் சுவரைப் பற்றும் அந்தத் திறன் குறைகிறது. அப்போது இரத்தத்தைச் சோதித்தால் இந்த அணுக்கள் வழக்கத்தைவிட அதிகமாகவே தெரியும். காவலர்கள் தெருவில் கூட்டமாக நிற்கிறார்கள். கள்ளன் புகுந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் தவிக்கிறார்கள் என்று சொல்லலாம்.

அடுத்தது தண்ணீர். நீண்ட பயணத்தில் தீனியும் நீரும் இல்லாத மாடு தன் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்குவரை இழக்கக்கூடும். 350 கிலோ எடையுள்ள மாட்டுக்கு இது 17.5 கிலோ முதல் 35 கிலோ வரை ஆகிறது. இதில் பெரும்பகுதி வயிற்றில் இருந்த உணவும் நீரும்தான். ஆனால் உடலில் நீர் குறையும்போது மூச்சுக்குழலின் கோழைப் படலமும் கெட்டிப்படுகிறது. கெட்டியான கோழையைக் குறு இழைகளால் நகர்த்த முடிவதில்லை. பட்டினியால் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களும் நலிவதால், ஊர் வந்து சேர்ந்தபின்னும் மாட்டுக்குப் பசி உடனே திரும்புவதில்லை.

மூன்றாவது, நாம் சற்றும் எண்ணிப் பார்க்காத ஒன்று: தலைக் கயிறு. மாடு மேயும்போது நாள்தோறும் பல மணி நேரம் தலையைத் தாழ்த்தி வைத்திருக்கிறது. அப்போது மூச்சுக்குழலில் சேர்ந்த கோழை தானே வழிந்து வெளியேறுகிறது. லாரியிலோ மூக்கணாங்கயிற்றை மேல் கம்பியில் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் குதிரைகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தலையை உயர்த்திக் கட்டி வைத்த குதிரைகளின் மூச்சுக்குழலில் ஒரு நாளுக்குள் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன. தலையைத் தாழ்த்த விட்டபோது குறைந்தன. மாட்டின் மூச்சுக்குழலும் இதே அமைப்பில்தான் வேலை செய்கிறது.

இவற்றோடு, நெருக்கமாக ஏற்றிய வண்டியில் சிறுநீரும் சாணமும் தேங்கி அம்மோனியா ஆவி எழுகிறது; புகையும் தூசியும் சேர்கின்றன. இவை குறு இழைகளைப் புண்படுத்துகின்றன. பல ஊர் மாடுகள் முகத்தோடு முகம் உரச நிற்பதால் ஒன்றின் சளி மற்றொன்றுக்குத் தொற்றுகிறது. பகல் வெயிலில் வியர்த்த மாடு இரவில் திறந்த வண்டியில் குளிர்காற்றில் நிற்கிறது. ஒவ்வொன்றும் தனியே வந்தால் மாடு தாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒரே இரவில் வந்தால் தாங்குவது அரிது.

உள்ளேயே இருந்த எதிரி

இப்போது கிருமிக்கு வருவோம். நலமான மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் பல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று மான்ஹைமியா ஹீமோலிட்டிக்கா. முன்பு இது பாஸ்ட்டுரெல்லா ஹீமோலிட்டிக்கா என்று அழைக்கப்பட்டது. 1999இல் ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் மான்ஹைமின் நினைவாகப் புதுப் பெயர் பெற்றது. சாதாரண நாட்களில் இது தொண்டையில் சிறு தொகையில் அடங்கிக் கிடக்கும். பயணத்தால் உடல் தளர்ந்ததும் விரைவாகப் பெருகும். பெருகிய கிருமிகள் மூச்சோடு சிறு துளிகளாக நுரையீரலின் முன்புறக் கீழ் மடல்களில் இறங்குகின்றன. அங்கே இது ஒரு நச்சுப்பொருளை வெளியிடுகிறது. தன்னை அழிக்க வரும் வெள்ளணுக்களையே அந்த நச்சு கொல்கிறது. செத்த அணுக்களிலிருந்து சிந்தும் பொருள்கள் நுரையீரலையே அரிக்கின்றன. இதனால் வரும் கடும் நிமோனியாவை மேனாட்டார் ‘ஏற்றிச் செல்வதால் வரும் காய்ச்சல்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். நாம் இதைப் பயணக் காய்ச்சல் எனலாம்.

இதற்கு வழி திறந்துவிடும் வைரஸ்களும் உண்டு. மாட்டு ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒருமுறை தொற்றினால், நோய் தீர்ந்தபின்னும் முகத்துக்குச் செல்லும் நரம்பின் முடிச்சில் பதுங்கிக்கொள்கிறது. பயணம் போன்ற இன்னல் நேரும்போது மீண்டும் விழித்து மூக்கில் பெருகுகிறது. அது மூச்சுக்குழலின் உட்சவ்வைப் புண்ணாக்க, பின்னாலேயே பாக்டீரியா இறங்குகிறது. இந்தப் படிகளெல்லாம் நிறைவேறச் சில நாட்கள் ஆகின்றன. ஊர் வந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து நோய் தலைகாட்டுவதன் இரகசியம் இதுதான்.

நம் நாட்டில் இன்னும் அஞ்சவேண்டியது தொண்டை அடைப்பான் நோய். இதை உண்டாக்குவது பாஸ்ட்டுரெல்லா மல்ட்டோசிடா என்னும் பாக்டீரியா. மாட்டைவிட எருமையை இது கடுமையாகத் தாக்கும். காய்ச்சல், எச்சில் வடிதல், தொண்டையிலும் கழுத்திலும் வீக்கம், மூச்சுத் திணறல் என்று தொடங்கி ஒரே நாளில் உயிரைப் பறித்துவிடக்கூடும். மழைக்காலத்தில் இது மிகுதி. இலங்கையின் பேராதனையில் இந்நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் டி அல்விஸ். முற்றிலும் நலமாகத் தோன்றும் விலங்குகளின் தொண்டைச் சதையில் இக்கிருமி மறைந்து வாழ்வதை அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்துக்காட்டினர். அத்தகைய விலங்கு இன்னலுக்கு உள்ளாகும்போது கிருமி வெளிப்பட்டு மந்தை முழுவதும் பரவக்கூடும்.

ஆக, விற்றவரும் ஏமாற்றவில்லை, வாங்கியவரும் ஏமாறவில்லை என்ற நிலையிலேயே நோய் வர இடமுண்டு. கிருமி மாட்டிடமே இருந்தது. பயணம் அதன் காவலைக் கலைத்தது, அவ்வளவுதான்.

கப்பலேறிச் சென்ற நோய்

மாட்டின் நுரையீரல் நோய்களில் வேறொரு வகையும் உண்டு. அதில் கிருமி எல்லா மாட்டிடமும் இருப்பதில்லை. நோயுற்ற மாட்டோடு புது ஊருக்குப் போகிறது. தொற்று நுரையீரல் சவ்வு நோய் என்று இதைச் சொல்லலாம். 1850களில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் சென்ற மாடுகளால் இது தென் ஆப்பிரிக்காவை அடைந்து இலட்சக்கணக்கான மாடுகளை மாய்த்தது. 1858இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னில் இறங்கிய மாடுகள் வழியே ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது. பார வண்டி இழுத்த காளைகளோடு கண்டத்தின் வடக்குவரை பரவியது. அதை ஒழிக்க அந்நாட்டுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இந்தியாவிலும் இந்நோய் இருந்தது. பிறகு ஒழிக்கப்பட்டு, 2007இல் உலக விலங்கு நல அமைப்பு இந்தியாவை இந்நோயற்ற நாடாக ஏற்றது.

நம் கடற்கரைக்கும் மாட்டுக் கப்பல் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத் துறைமுகத்தின் ஏற்றுமதிகளில் அரிசி, துணி, நெய், புகையிலை இவற்றோடு கால்நடைகளும் இடம்பெற்றிருந்தன.

இரண்டு வகை நோய்களுக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு கவனியுங்கள். வெளியிலிருந்து வரும் கிருமியைச் சோதித்து, எல்லையில் தடுத்து, நாட்டைவிட்டே ஒழிக்க முடிந்தது. ஆனால் ஒவ்வொரு மாட்டின் தொண்டையிலும் குடியிருப்பதை எந்த எல்லைச் சாவடியில் தடுப்பது? அதற்கு ஒரே வழி, காவல் கலையாதபடி மாட்டைக் கொண்டுவருவதுதான்.

சட்டம் சொல்வது

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், 1978இல் விலங்குகள் போக்குவரத்து விதிகள் வகுக்கப்பட்டன. பயணத்துக்குத் தகுதியுடையது, தொற்றுநோய் இல்லாதது என்று கால்நடை மருத்துவர் சான்றளித்த மாட்டையே ஏற்றவேண்டும். ஒரு சரக்கு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் கூடாது. தரையில் வழுக்காதபடி கயிற்றுப் பாய் அல்லது பலகை வேண்டும். வேறு சரக்கு உடன் ஏற்றலாகாது. மாடுகளைக் கூடியவரை எஞ்சினை நோக்கி நிற்கச் செய்யவேண்டும். கவனிக்க ஓர் ஆள் உடன் வரவேண்டும். மோட்டார் வாகன விதிகளில் 2015இல் செய்த திருத்தம், ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வரும்படி வண்டியில் தடுப்புகள் அமைக்கவேண்டும் என்கிறது.

இவற்றை வெறும் இரக்கத்தின் பேரில் எழுந்த விதிகள் என்று எண்ணவேண்டாம். வழுக்காத தரையில் நிற்கும் மாட்டுக்கு அச்சம் குறைவு, கார்ட்டிசாலும் குறைவு. இடம் இருந்தால் தலையைத் தாழ்த்தலாம், காற்று ஓடும், அம்மோனியா தேங்காது. விதியின் ஒவ்வொரு வரிக்கும் நுரையீரலில் ஒரு பொருள் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை

மாடு வாங்கும் வீட்டில் நீங்கள் படித்தவராக இருந்தால் இவற்றைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

தடுப்பூசி பயணத்துக்கு முன்பே போட்டிருக்கவேண்டும். எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு, மூன்று வாரம் ஆகும். களைத்து வந்து இறங்கிய அன்றே போட்ட ஊசி முழுப் பயன் தருவது ஐயமே. விற்பவரிடம் தொண்டை அடைப்பானுக்கு ஊசி போட்ட நாளைக் கேட்டறியுங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் தொலைவிலிருந்து மாடு கொண்டுவருவதைத் தவிர்ப்பது நல்லது.

ஏற்றுமுன் வயிறாரத் தண்ணீரும் வைக்கோலும் கொடுக்கவேண்டும். கயிற்றை, மாடு தலையைத் தாழ்த்தும் அளவுக்குத் தளர்த்திக் கட்டவேண்டும். நீண்ட வழியானால் இடையில் நிறுத்தித் தண்ணீர் காட்டவேண்டும். கடும் வெயிலில் நின்ற வண்டியில் மாட்டை விட்டுவைக்கக் கூடாது.

வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர். பிறகு நல்ல வைக்கோல், பசும்புல். பிண்ணாக்கும் தவிடும் ஓரிரு நாள் சென்று சிறிது சிறிதாகக் கூட்டலாம். காற்றோட்டமுள்ள, ஈரமில்லாத இடத்தில், வீட்டு மாடுகளிலிருந்து பிரித்து, மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.

களைப்புத் தீர என்று தலையை உயர்த்திப் பிடித்து, மூங்கில் குழாயால் எண்ணெயோ கஷாயமோ புகட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகவும் தீங்கானது. நாக்கை இழுத்துப் பிடித்தால் மாட்டால் விழுங்க முடியாது. மருந்து மூச்சுக்குழலில் இறங்கி, இல்லாத நிமோனியாவை உண்டாக்கிவிடும்.

இரண்டு வாரம் காலையிலும் மாலையிலும் மாட்டை உற்றுப் பாருங்கள். காது தொங்குகிறதா, மூக்கு நுனி உலர்ந்திருக்கிறதா, தீனி குறைகிறதா, மூக்கு நீர் கெட்டிப்படுகிறதா என்று கவனியுங்கள். வயிற்றின் பக்கம் ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். நிழலில் ஓய்வாக நிற்கும் மாடு நிமிடத்துக்கு 40க்கு மேல் மூச்சு வாங்கினால் எச்சரிக்கை. மாட்டின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட். வெப்பமானி 104ஐத் தொட்டால் இருமலுக்காகக் காத்திராமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நோயின் முதல் நாளில் தொடங்கும் சிகிச்சை பெரும்பாலும் பலிக்கும். மூச்சு இரைத்து வாய் திறந்தபின் தொடங்கினால், நுரையீரலின் செத்த பகுதியை எந்த மருந்தும் திருப்பித் தராது. கடையில் கேட்டு வாங்கிய மருந்தைப் பாதி நாள் போட்டு நிறுத்துவதும் கேடு. கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

வாளித் தண்ணீர், ஒரு கட்டு வைக்கோல், இரண்டடி தளர்ந்த கயிறு, சில நாள் ஓய்வு. இவற்றின் விலை மிகக் குறைவு. தரகுக்கும் லாரிக்கும் கணக்குப் பார்க்கும்போது இவற்றுக்கும் ஓர் இடம் கொடுத்தால், ஒரு குடும்பம் நம்பி வாங்கிய மாடு அந்தக் குடும்பத்தின் கொட்டிலில் நிலைத்து நிற்கும்.